நுரையீரல் பயாப்ஸிக்கு நாள் குறிக்கும் முன்: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் அப்பாவின் வலது நுரையீரல் உச்சியில் 2 செ.மீ. அளவில் ஒரு கட்டி தெரிகிறது என்று சி.டி. அறிக்கை வந்த நாளிலிருந்து, அது இன்னதென்று உறுதியாகும் வரை எங்களுக்கு 11 வாரங்கள் ஆயின. அவற்றில் பாதிக்கு மேல் வீணாகப் போன வாரங்கள். முதல் பிராங்கோஸ்கோபியில் (மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) பயாப்ஸிக்கு, அதாவது சோதித்துப் பார்ப்பதற்கு, சதை எடுக்க முடியவில்லை. "ரீச் ஆகல" என்று சொல்லி எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மருத்துவருக்குக் கைப்பழக்கம் போதவில்லை என்று நான் நினைத்தேன். தான் இருமிக்கொண்டே இருந்ததால்தான் கெட்டுப்போயிற்று என்று அப்பா நினைத்தார். இரண்டும் தவறு. பிராங்கோஸ்கோப் குழாய்க்கும் அதன் வழியே போகும் ஊசிக்கும் வளைவதில் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் இருந்த ஒரு கட்டிக்கு, அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமலே நாங்கள் நாள் குறித்திருந்தோம்.

நான் மருத்துவர் அல்லள். திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருப்பவள். கீழே எழுதியிருப்பது மருத்துவ ஆலோசனைக்கு மாற்று ஆகாது. மருத்துவரின் எதிரே உட்காரும்போது என்ன கேட்க வேண்டும், கையில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு மட்டும் இது உதவும்.

1. சி.டி. படத்தைக் குறுந்தகட்டோடு வாங்குங்கள்

பெரிய பிளாஸ்டிக் உறையில் தரும் படத்தாள்கள் மட்டும் போதாது. ஸ்கேன் மையத்தில் பணம் கட்டும்போதே "குறுந்தகடு வேண்டும், மெல்லிய வெட்டுகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். 1 மி.மீ. அளவிலான வெட்டுகள் (நுரையீரலை அடுக்கடுக்காகக் காட்டும் படங்கள்) இருந்தால்தான், கட்டியை நோக்கி ஒரு மூச்சுக்குழல் போகிறதா என்பதை மருத்துவர் தன் கணினியில் மேலும் கீழுமாக நகர்த்திப் பார்க்க முடியும். நாங்கள் படத்தாளை மட்டும் கொண்டுபோனதால், இரண்டாவது மருத்துவமனையில் மறுபடியும் சி.டி. எடுக்க வேண்டியதாயிற்று. பணமும் போயிற்று, தேவையில்லாத கதிர்வீச்சும் சேர்ந்தது.

சாய ஊசி போட்டு எடுக்கும் சி.டி. என்றால் அதற்கு முன் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்தில் பார்த்து வரச் சொல்வார்கள். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அந்த அறிக்கையைக் கையோடு எடுத்துச் சென்றால் ஒரு நாள் மிச்சமாகும்.

அறிக்கை வந்ததும் ஆறு விஷயங்களைத் தேடிப் பிடித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தப் பக்கம், எந்த மடல் (நுரையீரலின் பெரிய பாகம்), அந்த மடலின் எந்தப் பிரிவு, கட்டியின் அளவு, நெஞ்சுச் சுவரிலிருந்து அதன் தூரம், மூச்சுக்குழல் அதற்குள் போவதாக ஏதேனும் குறிப்பு. அறிக்கையில் இல்லாததை எழுதியவரிடமோ உங்கள் மருத்துவரிடமோ கேட்கலாம்.

2. குழாய் அங்கே திரும்புமா என்று கேளுங்கள்

இந்தப் படியைத்தான் நாங்கள் தவறவிட்டோம். அதனால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெரியவர்களுக்குப் பயன்படும் சாதாரண பிராங்கோஸ்கோப்பின் பருமன் ஏறக்குறைய 5 முதல் 6 மி.மீ. அதற்குள் 2 முதல் 2.8 மி.மீ. அகலத்தில் ஒரு துளை ஓடுகிறது. சதையைக் கிள்ளும் ஃபோர்செப்ஸ், ஊசி, பிரஷ் எல்லாம் அதன் வழியாகவே உள்ளே போக வேண்டும். குழாயின் உடல் பகுதி தானாக வளையாது, போகிற வழிக்கு ஏற்ப நெளிந்துகொடுக்கும். நுனியின் சில சென்டிமீட்டரை மட்டுமே மருத்துவர் கைப்பிடியிலுள்ள நெம்புகோலால் மடக்குகிறார். துளையில் எதுவும் இல்லாதபோது அந்த நுனி மேல்நோக்கி 180 பாகை வரை, சில புதிய கருவிகளில் 210 பாகை வரை மடங்கும். கீழ்நோக்கி 130 பாகை அளவில் நின்றுவிடும்.

இந்த எண்களைக் கேட்டு நாம் ஏமாந்துவிடக் கூடாது. இரண்டாவது மருத்துவர் எங்கள் முன்னாலேயே ஒரு பழைய குழாயை எடுத்துக் காட்டினார். நெம்புகோலைக் கட்டைவிரலால் அழுத்தியதும் கறுப்பு நுனி கைத்தடிப் பிடியைப் போல முழுதாகத் திரும்பி நின்றது. பிறகு அதே நிலையில் ஃபோர்செப்ஸ் கம்பியை மேல்துளை வழியாக மெல்லத் தள்ளினார். கம்பி நுனிக்கு வர வர, வளைவு தானாக விரிந்தது; கட்டைவிரலின் அழுத்தம் கொஞ்சமும் குறையவில்லை, ஆனாலும் கைத்தடிப் பிடி பாதி நிமிர்ந்துவிட்டது. 40 வருடம் தச்சு வேலை பார்த்த அப்பா, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர், அப்போதுதான் பேசினார்: "வளஞ்ச தொளையில நேர் உளி எப்படிங்க போவும், டாக்டர்?" மருத்துவர் சிரித்துவிட்டு, "அதேதான் ஐயா, நான் அரைமணி நேரம் சொல்ல இருந்ததை நீங்களே சொல்லிட்டீங்க" என்றார்.

ஊசி இன்னும் விறைப்பானது. அது உலோகக் குழல். அதன் மேல் ஓர் உறையும் உண்டு. ஊசிகளின் பருமனைக் கேஜ் என்ற எண்ணால் சொல்கிறார்கள். தையல்காரர்கள் இங்கே குழம்பிவிடுவோம், ஏனென்றால் நம் மிஷின் ஊசியில் 11-ஐவிட 16 தடிமன். மருத்துவ ஊசியில் எண் ஏற ஏற ஊசி மெலிகிறது. 22 கேஜ் ஊசி சுமார் 0.7 மி.மீ., 19 கேஜ் ஊசி 1 மி.மீ.க்குச் சற்று மேல். 19 கேஜில் பெரிய துணுக்கு கிடைக்கும், ஆனால் குழாயின் நுனியை அது அதிகமாக நிமிர்த்திவிடும். 25 கேஜ் நன்றாக வளையும், எடுக்கும் துணுக்கோ சிறிது. நிட்டினால் என்ற உலோகக் கலவையில் செய்த ஊசிகள் சாதாரண எஃகு ஊசிகளைவிட நன்றாக வளைந்துகொடுக்கும், விலையும் கூடுதல்.

இப்போது நுரையீரலின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். மூச்சுக்குழாய் மேலிருந்து கீழே வருகிறது. கீழ் மடலின் அடிப்பகுதிக்குப் போக வேண்டுமென்றால் குழாய் ஏறக்குறைய நேராக இறங்கினால் போதும். வலது மேல் மடலுக்குப் போகும் கிளையோ கிட்டத்தட்டச் செங்கோணத்தில் பிரிகிறது. அதன் உச்சிப் பிரிவுக்கு அங்கிருந்து மறுபடியும் மேல்நோக்கித் திரும்ப வேண்டும். கீழே இறங்கிய குழாய் வந்த திசைக்கே திரும்பிப் பார்ப்பது போன்ற வளைவு அது. குழாய் காலியாக இருக்கும்போது அந்த வாசலைப் பார்த்துவிடலாம். கம்பியை நுழைத்ததும் நுனி நிமிர்ந்து வாசலை விட்டு விலகிவிடும். என் அப்பாவுக்கு நடந்தது இதுவேதான். இடது மேல் மடலின் உச்சியும், கீழ் மடலில் முதுகுப்புறமாகத் திறக்கும் மேல்பிரிவும் இதே வகையில் தொல்லை தரும் இடங்கள் என்று அந்த இரண்டாவது மருத்துவர் சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளக்கூடாதா?" என்று நானும் கேட்டேன். கூடாது. ஊசியை அதன் உறைக்குள் முழுதாக இழுத்துக்கொண்டு, குழாயை நேராக வைத்த பிறகே துளைக்குள் செலுத்துகிறார்கள். மடங்கிய நிலையில் ஊசியைத் திணித்தால் துளையின் உட்சுவர் கிழிந்து, குழாய்க்குள் நீர் கசிந்து, கருவியே பழுதுக்குப் போய்விடும். அதற்கு ஆகும் செலவு இலட்சங்களில் வரும். கருவி திரும்பி வரும்வரை வரிசையில் நிற்கும் மற்றவர்களும் காத்திருக்க வேண்டும்.

பருமன் இன்னொரு தடை. கிளைகள் பிரியப் பிரியக் குறுகிக்கொண்டே போவதால், 5 மி.மீ. குழாய் சில பிரிவுகளுக்குப் பின் அடைத்து நின்றுவிடும். கட்டி அதற்கு அப்பால் ஓரத்தில் இருந்தால், அங்கிருந்து கண்ணால் பார்க்காமல்தான் கருவியை நீட்ட வேண்டும். எக்ஸ்ரே திரையையோ, துளை வழியே போகும் மெல்லிய அல்ட்ராசவுண்ட் கம்பியையோ துணைக்கு வைத்துக்கொள்வார்கள். 3 மி.மீ. பருமனுள்ள மிக மெல்லிய குழாய்களும் உண்டு. அவை ஆழமாகப் போகும். ஆனால் துளையும் 1.2 முதல் 1.7 மி.மீ. என்று சுருங்குவதால் சின்னக் கருவிதான் நுழையும், சின்னத் துணுக்குதான் வரும். அல்ட்ராசவுண்ட் கம்பியிலும் ஒரு வலை இருக்கிறது: மெல்லிய கம்பி கட்டியைச் சரியாகக் காட்டும், அதை உருவிவிட்டு விறைப்பான ஊசியை விடும்போது நுனி நகர்ந்து, ஊசி பக்கத்துக் கிளைக்குள் போய்விடலாம்.

3. எந்த வழி என்பதை மருத்துவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்

"இந்த இடத்துக்கு ஊசியோடு சேர்த்துக் குழாய் போகுமா? போகாவிட்டால் அன்றே வேறு என்ன செய்வீர்கள்? உங்களிடம் மெல்லிய குழாய் இருக்கிறதா? வெளியிலிருந்து சி.டி. பார்த்து ஊசி போடுவது இவருக்குப் பொருந்துமா?" இந்த நான்கு கேள்விகளையும் எழுதிக்கொண்டு போங்கள். பொறுமையோடு பதில் சொல்லும் மருத்துவர்களே அதிகம், நாம் கேட்பதில்லை.

ஈபஸ் (நுனியில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய பிராங்கோஸ்கோப்) என்ற பெயர் அடிக்கடி காதில் விழும். விலை கூடியது என்பதாலேயே அது எல்லாவற்றுக்கும் மேலானது என்று நினைத்து, எங்கள் உறவினர் ஒருவர் அதையே செய்யச் சொல்லி வற்புறுத்தினார். ஈபஸ் குழாயின் முனை ஏறக்குறைய 7 மி.மீ.; கருவியைப் பொறுத்து 120 முதல் 160 பாகை வரைதான் மேல்நோக்கி மடங்கும்; பார்வையும் நேராக இராமல் சாய்வாக இருக்கும். மூச்சுக்குழாயையும் பெரிய கிளைகளையும் ஒட்டிய நெறிகட்டிகளில் ஊசி போடுவதற்கு அதற்கு நிகரான கருவி இல்லை. உச்சியில் உள்ள கட்டிக்கு அது உதவாது. நெறிகட்டிகளிலும் இடது பக்க மூச்சுக்குழாய் ஓரத்தில் இருப்பவை கோணம் காரணமாகக் கடினமானவை.

சி.டி. பார்த்து வெளியிலிருந்து போடும் ஊசி நேரானது. வளைய வேண்டிய தேவையே அதற்கு இல்லை. ஆனால் விலா எலும்பு, தோள்பட்டை எலும்பு, பெரிய இரத்தக்குழாய் ஆகியவை நேர்வழியை மறிக்கக்கூடும். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசியும் வாய்ப்பும் பிராங்கோஸ்கோபியைவிட இதில் அதிகம். பீடி, சிகரெட் பழக்கத்தால் நுரையீரல் உப்பிப்போனவர்களுக்கு அது மேலும் கூடும். நெஞ்சுச் சுவரை ஒட்டிய கட்டிக்கு இந்த வழியும், பெரிய கிளைக்குள் தெரியும் கட்டிக்குப் பிராங்கோஸ்கோபியும் பொருந்தும் என்று பொதுவாகச் சொல்லலாம். அப்பாவுக்குக் கடைசியில் சி.டி. ஊசிதான் போட்டார்கள்.

4. எங்கே போவது, எதைக் கொண்டுபோவது

கடலூரில் முதலில் மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனையில் காட்டி, சளிப் பரிசோதனைகளை முடித்துக்கொண்டு, பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்வது நல்லது. மாவட்டத்தின் தென்பகுதியில் இருப்பவர்களுக்குச் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம். புதுச்சேரியில் கோரிமேட்டில் ஜிப்மரும், கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன; தனியார் மருத்துவக் கல்லூரிகள் பிள்ளையார்குப்பம், காலாப்பட்டு, மதகடிப்பட்டு என்று நாலு பக்கமும் உண்டு. எந்த இடமானாலும், பிராங்கோஸ்கோபி எந்தெந்தக் கிழமைகளில் நடக்கிறது, கருவி இப்போது வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

ஜிப்மருக்குப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அது மத்திய அரசு நிறுவனம் என்பதால் மத்திய அரசு விடுமுறை நாட்களில் புற நோயாளிகள் பிரிவு இயங்காது. நம் ஊரில் விடுமுறை இல்லாத ஒரு நாளில் விடியற்காலை 5 மணி பேருந்தைப் பிடித்துப் போய், பூட்டிய பதிவு அறையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவள் நான். கடலூரிலிருந்து புதுச்சேரி பேருந்து நிலையம் வரை சுமார் 25 கி.மீ.தான், ஆனால் அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் நெரிசலைத் தாண்டி, அங்கிருந்து கோரிமேட்டுக்கு வேறு பேருந்து மாற வேண்டும். பதிவு வரிசைக்குக் காலையிலேயே போய்ச் சேரும்படி கிளம்புங்கள்.

ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை, பரிந்துரைக் கடிதம், எல்லா அறிக்கைகளின் அசலும் இரண்டிரண்டு நகல்களும், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், குறுந்தகடு ஆகியவை ஒரே பையில் இருக்கட்டும். பெயரும் வயதும் எல்லாத் தாளிலும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்பாவின் தலைப்பெழுத்து ஆதாரில் முன்னாலும் குடும்ப அட்டையில் பின்னாலும் இருந்ததால் காப்பீட்டுக்கு மட்டும் 4 நாள் அலைந்தோம்.

5. செலவைப் பிரித்துக் கேளுங்கள்

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்துக்குப் போனால் பதிவு செய்துகொள்ளலாம். புதுச்சேரிக்காரர்களுக்குச் சிவப்பு அட்டையா, மஞ்சள் அட்டையா என்பதைப் பொறுத்துச் சலுகை மாறும். காப்பீடு இருக்கிறது என்று நம்பிப் போய்ப் படுக்கையில் சேர்ந்த பிறகு கேட்காதீர்கள். இந்தச் சோதனை, இந்த மருத்துவமனையில், உங்கள் மாநில அட்டைக்கு உண்டா என்பதைக் காப்பீட்டு மேசையில் கேட்டு, முன் அனுமதி வந்த பின்பே நாள் குறியுங்கள்.

தனியாரிடம் "பயாப்ஸி எவ்வளவு?" என்று கேட்டால் ஒரே தொகை சொல்வார்கள். அதில் என்னென்ன அடக்கம் என்று பிரித்துக் கேளுங்கள். ஒரே முறை பயன்படுத்தும் ஊசி, மயக்க மருத்துவர் கட்டணம், சோதனைக்கு முந்திய இரத்தப் பரிசோதனைகள், திசுப் பரிசோதனை, அதன் மேல் தேவைப்பட்டால் செய்யும் சிறப்புச் சாயம், மரபணுச் சோதனை எல்லாம் தனித்தனி ரசீதாக வரக்கூடியவை. முதல் முறை எங்களிடம் சொன்னது 9,500 ரூபாய். கையை விட்டுப் போனது 16,000-க்கு மேல். சதை கிடைக்காவிட்டால் எந்தக் கட்டணம் திரும்பும் என்பதையும் கேட்டு வையுங்கள். எங்களுக்குத் திசுப் பரிசோதனைக்குக் கட்டியது மட்டும் திரும்பியது, அதுவும் கேட்டதால்.

6. ஒரு வாரம் முன்பிருந்து

இரத்த அணுக்கள், தட்டணுக்கள், இரத்தம் உறையும் நேரம், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள், இ.சி.ஜி. ஆகியவற்றைக் கேட்பார்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளில், குளோபிடோக்ரல் சாப்பிடுபவர்களை வழக்கமாக 5 முதல் 7 நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். வார்ஃபரின் என்றால் ஐ.என்.ஆர். (இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் சோதனை) பார்த்து முடிவு செய்வார்கள். குறைந்த அளவு ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடர விடுவார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்தக் கூடாது. இதய மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். நிறுத்த மறந்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்பும் நிற்க வேண்டும். காலை காபி பாலோடு சேர்ந்தது. அது தண்ணீர்க் கணக்கில் வராது. சர்க்கரை மாத்திரை, இன்சுலின் பற்றித் தனியாகக் கேளுங்கள்.

7. அன்றைய நாளும் இரண்டு குப்பிகளும்

பல்செட்டைக் கழற்றிவிடுங்கள். தொண்டையில் லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தைத் தெளிப்பார்கள்; கசக்கும், தொண்டை தடித்தது போல இருக்கும். தூக்க ஊசி போட்டால் அன்று முழுவதும் வண்டி ஓட்டக் கூடாது. முடிந்த பின் தொண்டை மரப்பு போகும்வரை, ஏறக்குறைய 2 மணி நேரம், ஒரு வாய் தண்ணீரும் கூடாது. தாகம் என்று கெஞ்சுவார்கள், கொடுத்துவிடாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

எடுத்த சதை எந்தக் குப்பியில் போகிறது என்பதில்தான் பல குடும்பங்கள் வழுக்கி விழுகின்றன. திசுப் பரிசோதனைக்கு ஃபார்மலின். மூக்கைத் துளைக்கும் நெடி வரும். காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்ப்பதற்கு வெறும் உப்புநீர். ஃபார்மலினில் விழுந்த சதையில் கிருமி செத்துவிடும், பிறகு அதை வளர்க்க முடியாது. நம் ஊரில் காசநோயும் புற்றும் படத்தில் ஒன்றுபோலவே தெரியக்கூடும் என்பதால், "இரண்டுக்கும் தனித்தனியாக எடுப்பீர்களா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். அப்பாவுக்குச் சி.டி. ஊசி போட்ட அன்று, அறைக்கு வெளியே ஒரு செவிலியர் என்னிடம் இரண்டு குப்பிகளையும் காட்டி, "இது பேத்தாலஜிக்கு, இது மைக்ரோபயாலஜிக்கு, மாத்திக் குடுத்துடாதீங்கக்கா" என்றார். இரண்டின் மூடியும் ஒரே வெள்ளை. பெயர், வயது, மருத்துவமனை எண், எடுத்த இடம் ஆகிய நான்கும் குப்பியின் உடலில் ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். மூடியில் எழுதினால் மூடி மாறும்.

அன்றிரவு சளியில் இரத்தக் கீற்று வரலாம், இலேசான காய்ச்சலும் வரலாம். புது இரத்தம் நிறைய வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, ஒரு பக்கம் நெஞ்சு குத்தினாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குத் திரும்புங்கள். சி.டி. ஊசிக்குப் பின் எடுக்கும் எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் காற்று பிற்பாடு கசியலாம். அன்றிரவு நாங்கள் கடலூருக்குத் திரும்பாமல் முத்தியால்பேட்டையில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டோம்.

8. அறிக்கைக்குக் காத்திருக்கும்போது

திசு அறிக்கைக்கு ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். சிறப்புச் சாயம் கேட்டால் இன்னொரு வாரம். மரபணுச் சோதனைக்கு 2, 3 வாரங்கள். காசநோய்க்கான சிபிநாட் சோதனை இயந்திரத்தில் 2 மணி நேர வேலை. வளர்ப்புச் சோதனைக்கு 6 வாரம் வரை ஆகும். அப்பாவின் சளியில் மூன்று முறையும் கிடைக்காத காசநோய்க் கிருமி, உப்புநீர்க் குப்பியின் சிபிநாட்டில் மறுநாளே தெரிந்தது. எந்த மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படும் என்பதும் அந்தக் குப்பியால்தான் தெரிந்தது.

"மாதிரி போதவில்லை" என்றோ, "புற்று அணுக்கள் தென்படவில்லை" என்றோ வந்தால் நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊசி கட்டிக்குள் போயிற்றா, பக்கத்துச் சதையை எடுத்ததா என்று கேளுங்கள். வேறு இடத்தில் காட்ட வேண்டியிருந்தால் அறிக்கைத் தாளோடு, எடுத்த சதையை வைத்திருக்கும் கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டியையும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். மறுபடி குத்தாமல் அதிலிருந்தே மேற்கொண்டு சோதிக்க முடியும். மெழுகுக் கட்டியை வெயிலில் நிறுத்திய வண்டியின் பெட்டியில் வைக்காதீர்கள், உருகிவிடும்.